வளர்மதியின் மூன்றாவது இலக்கு

1

இங்கே செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறக்கும். திறப்பதற்கு முந்தின நாள் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு கூட்டம். காபி, வெண்ணெய் ரொட்டி, புது வருஷத்து நேர அட்டவணை, போன வருஷத்துச் சண்டைகளின் மிச்சம். பாரிஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கிற ஒரு புறநகர்ப் பள்ளி அது. நான் அங்கே வாத்தியார் இல்லை. வராத பிள்ளைகளைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்வது, தாழ்வாரத்தில் ஓடுகிறவர்களை நிறுத்துவது, மூக்கில் ரத்தம் வந்தால் தலையைக் குனியவைத்துப் பஞ்சு தருவது, இதையெல்லாம் பார்க்கிற அலுவலகத்தில் இருக்கிறேன். முத்தியால்பேட்டைச் சொந்தக்காரர்கள் இன்னமும் 'பிரான்ஸ்ல டீச்சரா இருக்காரு' என்றுதான் சொல்கிறார்கள். திருத்திச் சலித்துவிட்டது.

இந்த வருஷக் கூட்டத்தில் புதிதாக வந்திருக்கும் முதல்வர் அம்மையார் ஒரு யோசனை வைத்திருந்தார். கணினியையும் செயலிகளையும் கொண்டு இந்த வருஷம் நீங்கள் எட்டப்போகிற இலக்கு என்ன? ஆளுக்கு ஒரு வாக்கியம். வாத்தியார்கள் மட்டுமல்ல, எல்லோரும். மேசையைச் சுற்றி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். உடற்பயிற்சி வாத்தியார் எதையோ சொல்லிச் சிரிக்கவைத்தார். என் முறை வந்தது. எங்கள் அலுவலகத்துக்குப் பொருத்தமான வாக்கியம் எனக்குத் தெரியும்: 'வராத பிள்ளையின் வீட்டுக்கு உடனுக்குடன் தகவல் போய்ச் சேரும்.' நல்ல வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவன் இல்லை நான்.

காரணத்தை அவர்களுக்குப் பிரெஞ்சில் விளக்க எனக்குத் தெம்பு இல்லை. உங்களுக்குச் சொல்லலாம். இது புதுச்சேரியில், நெல்லித்தோப்பில் நடந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

2

போன வருஷம் ஜூலையில் அம்மாவின் முதல் திதிக்கு ஊருக்கு வந்திருந்தேன். லீவு நீளமாக இருந்ததால் ஆறு வாரம் தங்கினேன். எங்கள் வீட்டில் இப்போது என் தங்கை வளர்மதி இருக்கிறாள். அப்பா மில்லில் வேலை செய்த காலத்தில் கட்டிய வீடு, மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரம். அவள் கணவருக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். வளர்மதி நெல்லித்தோப்பில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர்.

திதி முடிந்த மறுநாள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா எழுதுற?"

"கோல் செட்டிங்ண்ணே. டெக்னாலஜிய வெச்சி இந்த வருஷம் கிளாஸ்ல என்ன செய்யப் போறேன்னு மூணு எழுதணும். மூணும் அளக்கற மாதிரி இருக்கணுமாம்."

முதல் இரண்டையும் படித்துக் காட்டினாள். தினமும் ஒரு பாடமாவது ஸ்மார்ட் போர்டில். வீட்டுப்பாடம் முழுவதும் செயலியில். மூன்றாவதுதான் அவளே யோசித்தது. ஆறாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் தடுக்காமல் படிக்க முடியாத பிள்ளைகள் சிலர் அவள் வகுப்பில் இருந்தார்கள். எழுந்து படிக்கச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், இவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவர்களை ஒவ்வொருவராக நூலக அறை மூலைக்கு அனுப்பி, தன் போனைக் கொடுத்து, படித்துப் பதிவு செய்யச் சொல்வது. பிறகு அதையே கேட்கச் சொல்வது. பிறகு மறுபடியும் படிக்கச் சொல்வது.

"நான் திருத்தினா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குதுங்க. தன் கொரல தானே கேட்டா சிரிச்சிட்டு அதுங்களே திருத்திக்குதுங்க" என்றாள். அதற்கு முந்தின வருஷமே இரண்டு பேரிடம் செய்து பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. பள்ளியில் இதற்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். இளைஞர், மரியாதையானவர். இதை எப்படி மிஸ் அளக்கறது என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு மாற்றும் எழுதித் தந்தார். 'வகுப்பின் பெற்றோர் அனைவரும், தாய் தந்தை இருவரும், நூறு சதவீதம் செயலியில் இணைக்கப்படுவர்.'

அந்த வருஷம்தான் பள்ளி அந்தச் செயலியை வாங்கியிருந்தது. பிள்ளைகள் கழுத்தில் ஒரு வெள்ளை அட்டை தொங்கும். கேட்டில் வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு பெட்டி. உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் அட்டையை அதில் காட்டினால், அம்மா அப்பா இருவர் போனுக்கும் 'உங்கள் குழந்தை பள்ளிக்குள் வந்துவிட்டார்', 'பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டார்' என்று செய்தி போகும். வளர்மதியின் திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. பெற்றோர் இருவரும் சேர்ந்துவிட்டால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

"சரி, அதையும் எழுதிட்டுப் போறேன்" என்று அந்த வாக்கியத்தை அப்படியே ஒட்டினாள். போனில் படிக்கவைக்கிற வேலையை இலக்கில் சேர்க்காமலே தொடர்ந்தாள்.

3

என் வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒரு சொல்லில் நடந்தது. சேர்ந்த புதிதில் ஒரு பெண் வகுப்புக்கு வரவில்லை. நம் வழக்கில் 'பிள்ளையைக் காணோம்' என்போமே, அதை அப்படியே பிரெஞ்சில் யோசித்து, அந்த அம்மாவிடம் போனில் 'உங்கள் மகள் தொலைந்துவிட்டாள்' என்று சொல்லிவிட்டேன். கால் மணி நேரத்தில் அவர் வீட்டுச் செருப்போடு பள்ளிக்கு ஓடி வந்தார். பெண் பல் மருத்துவரிடம் போயிருந்தாள், தகப்பன் அழைத்துப் போயிருந்தார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு, பிள்ளையைப் பற்றி யாராவது போனில் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. யார் என்று கேட்டுக்கொண்டு, எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்கு நானே கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் பேசுவேன். இங்கே அது பழக்கம். சிலர் கோபப்படுவார்கள். கோபப்படாதவர்களும் உண்டு.

4

ஆகஸ்ட் தொடக்கத்தில் வளர்மதியின் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி பாக்கி இருந்தது. தர்ஷினி. அந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்தவள். போனில் பதிவு செய்து படிக்கிற பிள்ளைகளில் அவள்தான் முன்னால் நின்றாள். ஒரு நாள் எட்டு வரியை ஒரு இடத்திலும் நிறுத்தாமல் படித்தாள் என்று வளர்மதி சாப்பிடும்போது சொன்னாள். அந்தப் பெண் ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் நின்று படிக்கிற படத்தை ஒருங்கிணைப்பாளர் எடுத்து, பெயரையும் போட்டு, பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்தார். வாரம் ஒரு படம் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய இலக்கு.

தர்ஷினியின் அம்மா ரேவதிக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. அப்பா எண் கேட்டபோது "அவரு இல்ல மிஸ்" என்று சொல்லியிருந்தார். மேலே எப்படிக் கேட்பது என்று வளர்மதி விட்டுவிட்டாள்.

ஒரு மாலை நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது புது எண்ணிலிருந்து போன் வந்தது. வளர்மதி கையில் பாத்திரம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மிஸ். தர்ஷினியோட அப்பா பேசறேன். ஸ்கூல் ஆபீஸ்ல உங்க நம்பர் குடுத்தாங்க. தொந்தரவு இல்லியே?"

தன்மையான குரல். வேலை விஷயமாக வெளியூரில் இருந்ததாகவும், பிள்ளையின் படத்தைப் பள்ளிப் பக்கத்தில் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டதாகவும் சொன்னார். மற்ற பெற்றோருக்கெல்லாம் செய்தி வருகிறதாமே, தனக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

"தாராளமா சார். உங்க ஒருத்தர் நம்பர்தான் பாக்கி."

"ரொம்ப நன்றி மிஸ். புள்ள பஸ்ல வருதா, நடந்து வருதா?"

"நடந்துதான் சார்."

"எந்த கேட்டு வழியா மிஸ் விடுவீங்க?"

வளர்மதி சொன்னாள். மெயின் கேட்.

போனை வைத்ததும் நான் சொன்னேன், "அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சேரு."

"எதுக்குண்ணே?"

"பொண்ணு எப்பிடி இருக்குன்னு அவரு கேக்கவே இல்ல. எப்பிடி வருது, எப்பிடிப் போவுதுன்னுதான் கேட்டாரு."

வளர்மதிக்கு எரிச்சல் வந்தது. "பிரான்ஸ் சட்டத்த இங்க கொண்டாராத. பெத்த அப்பா கேக்கறாரு. நான் யாரு வேணான்னு சொல்ல?" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு அந்தம்மாவுக்குப் போன் பண்றேன்" என்றாள். மறுநாள் இரண்டு தடவை கூப்பிட்டாள். ஓட்டலில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை இலக்குகளைப் பார்க்கிற மீட்டிங். வியாழன் மாலை எண்ணைச் சேர்த்தாள். வரி பச்சையானது.

5

என் மகளுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் அவளும் அவள் அம்மாவும் என்னோடு ஊருக்கு வரவில்லை. முத்தியால்பேட்டை மாடியில் நின்றுகொண்டு, சாயங்காலம் ஒரு முறை போனில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. நீச்சல் குளத்தில் இருக்கும், ரயில் நிலையத்தில் இருக்கும், வீட்டில் இருக்கும். பார்த்தால் மனசுக்கு ஆறுதல், வேறொன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் புள்ளி இல்லை. போன் செய்தேன்.

"நான்தான் அணைத்தேன் பப்பா" என்றாள் பிரெஞ்சில். "நீங்கள் பார்ப்பது எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்க மாட்டீர்கள். அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது."

எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் காட்டவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ரேவதி வீடு தேடி வந்தார். முப்பது வயதிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். உள்ளே வரச் சொன்னாலும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"மிஸ், அவர் நம்பர யாரு மிஸ் சேத்தது?"

வளர்மதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நான்தான். உங்களுக்கு ரெண்டு தடவ அடிச்சேன்மா."

ரேவதி தன் போனை நீட்டினார். அதில் ஒரு செய்தி. ஸ்மார்ட் போர்டு முன்னால் தர்ஷினி நிற்கிற அதே படம். கீழே 'நல்லா வளந்துட்டா' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

"இது புது நம்பர் மிஸ். எங்கம்மாவுக்குக்கூட தெரியாது. அந்த ஆப்ல புள்ள பேரைத் தொட்டா அம்மா நம்பரும் வருதாமே."

விழுப்புரம் பக்கத்திலிருந்து போன வருஷம் வந்தவர்கள் அவர்கள். ரேவதி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அடித்ததைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை, அதை ஒரு கையசைப்பில் தள்ளிவிட்டார்.

"அடிக்கறதுக்காக நான் ஓடி வரல மிஸ். ஒரு தடவ புள்ளைய இட்டுக்கினு பூட்டாரு. எங்க வெச்சிருக்காருன்னு சொல்லவே இல்ல. தெனம் போன் போட்டு, 'இப்ப தூங்குறா', 'இப்ப சாப்புட்டா', 'இப்ப உன்ன கேட்டு அழுவுறா' அப்பிடின்னு மட்டும் சொல்லுவாரு. கத்த மாட்டாரு மிஸ். கத்தினாக்கூட பரவால்ல."

"போலீசுக்குப் போகலியாம்மா?" என்று கேட்டேன்.

"போனேண்ணா. ரெண்டு பேரையும் உக்கார வெச்சி பேசினாங்க. அவரு நல்லா பேசுவாரு. கேஸ் நடக்குது, தேதி தள்ளிக்கினே போவுது."

வெள்ளி, சனி இரண்டு நாளும் பள்ளி விடும்போது எதிர்சாரியில், டீக்கடைப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருப்பதாகத் தர்ஷினி சொல்லியிருக்கிறாள். அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வரும்போது அவர் தன் போனைப் பார்ப்பாராம். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்ப்பாராம். கிட்டே வருவதில்லை. அவள் கூட்டத்தோடு ஓடிவிடுவாள்.

வளர்மதி ரேவதியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தாள்.

7

மறுநாள் அவள் அந்த எண்ணை எடுத்துவிடப் பார்த்தாள். முடியவில்லை. சேர்ப்பதற்கு டீச்சருக்கு வழி இருந்தது, நீக்குவதற்கு இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் தகப்பன் பெயர் பர்த் சர்டிபிகேட்டில் இருக்கிறது, கோர்ட் ஆர்டர் இல்லாமல் நீக்கினால் பள்ளி மேல் கேஸ் போடுவார் என்றார். ஆபீசில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள். "குடும்பச் சண்டைல நாம தலையிட வேணாம் மிஸ்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வளர்மதி தன் கைப்பையிலிருந்து தர்ஷினியின் வெள்ளை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இனிமே இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

அவள் போட்ட திட்டம் இதுதான். மழலை வகுப்புப் பிள்ளைகள் போக வரப் பின்பக்கச் சந்தில் ஒரு சின்ன கேட் உண்டு. அங்கே பெட்டி கிடையாது. தர்ஷினி இனி அந்த வழியாக வருவாள், பள்ளி விடுவதற்குக் கொஞ்சம் முன்பே அந்த வழியாகப் போய்விடுவாள். ரேவதி சந்தில் நிற்பார். அட்டையைக் காலையில் மெயின் கேட்டில் வளர்மதி காட்டுவாள். மாலையில் வேலையெல்லாம் முடித்து அவள் கிளம்பும்போதுதான் மறுபடியும் காட்டுவாள். பிள்ளை வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்குள்தான் இருக்கிறது என்று அவருடைய போன் சொல்லும்.

"மாட்டினா வேல போயிடும்" என்றேன்.

"தெரியும்ண்ணே. சேத்தது நானு."

இரண்டு வாரம் அப்படி நடந்தது. தினமும் மாலை வாசலில் அவள் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்கும் வரை எனக்கு எதிலும் மனம் ஒட்டாது. இன்னைக்கும் எதிர்லதான் இருந்தாரு என்பாள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் உட்கார்ந்திருப்பாராம். அவள் ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போது தலையை அசைத்து வணக்கம் சொல்வாராம். அவளும் சொல்வாளாம்.

"சிரிக்கறாரான்னு ஹெல்மெட்டுக்குள்ள தெரியலண்ணே."

8

நான் பிரான்சுக்குத் திரும்ப ஒரு வாரம் இருந்தது. காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வளர்மதி போன் செய்தாள். குரலைத் தாழ்த்தி, ஆனால் நிதானமாகப் பேசினாள்.

"அண்ணே, கார எடுத்துக்கிட்டு ரேவதி வீட்டுக்குப் போ. புள்ளைக்கு ஜுரம், ரெண்டு பேரும் வீட்லதான் இருக்காங்க. இட்டுக்கினு ஊர விட்டுக் கெளம்பு. இங்க உக்காந்திருக்காரு. நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

அன்று காலை தர்ஷினிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு முன்பே, வழக்கம்போல அவள் அட்டையை வளர்மதி பெட்டியில் காட்டிவிட்டாள். எதிர்சாரியில் கேட் திறந்ததிலிருந்தே அவர் நின்றிருக்கிறார். பிள்ளை வரவில்லை, ஆனால் வந்துவிட்டதாகப் போன் சொல்கிறது. அவர் சத்தம் போடவில்லை. ஆபீசுக்குள் போய், முதல்வர் வெளியே போயிருக்கிறார் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து, "எம் பொண்ணு ஸ்கூல்ல இல்ல. வீட்டு அட்ரஸ் குடுங்க, நானே போய்ப் பாத்துக்கறேன்" என்று கேட்டிருக்கிறார். ஆபீஸ் பெண் திரையில் தர்ஷினியின் விவரப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். அப்போதுதான் வளர்மதியைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மச்சானின் பழைய காரை எடுத்தேன். ஊரில் வண்டி ஓட்டி வருஷக்கணக்காகிறது. முதல் திருப்பத்திலேயே கை தானாக வலது பக்கத்துக்குப் போனது. எதிரே வந்த டெம்போக்காரர் நின்று, என் குடும்பத்தை விசாரித்துவிட்டுப் போனார். நெல்லித்தோப்பு சிக்னலில் நின்றபோது கண்ணில் பட்ட ஒவ்வொரு பைக்கையும் பார்த்தேன். எல்லோரும்தான் ஹெல்மெட் போட்டிருந்தார்கள்.

ரேவதியின் வீடு, வளர்மதி போனில் வழி சொன்னபடி, ஒரு வரிசை வீட்டின் கடைசி அறை. என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளையைப் போர்வையோடு தூக்கினார். ஒரு பையில் துணியும் மாத்திரையும். கதவைப் பூட்டின பிறகு மறுபடியும் திறந்து, அடுப்பின் கேஸை மூடிவிட்டு வந்தார்.

"பஸ் ஸ்டாண்டு வேணாண்ணா" என்றார்.

காலாப்பட்டுக்கு விட்டேன். பின் சீட்டில் தர்ஷினி அம்மா மடியில் தலையை வைத்துக் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். ஒரு முறை "மிஸ்ஸ திட்டுவாங்களா?" என்று கேட்டாள். ரேவதி போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார். பல்கலைக்கழகத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பேருந்து நிற்கிற இடத்தில் இறங்கினோம். ரேவதி போனிலிருந்து சிம்மைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று இருவருக்குமே தோன்றியது. பேருந்து கிளம்பிய பிறகு சிம்மை இரண்டாக உடைத்து வேறு வேறு இடத்தில் போட்டேன். அப்படிச் செய்வதில் அர்த்தம் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது.

9

அந்த நேரத்தில் ஆபீஸ் அறையில் நடந்ததை வளர்மதி அன்று மாலை சொன்னாள்.

எழுந்து போய்விடுவார் என்று பயந்து, லேப்டாப்பை எடுத்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். முதல்வர் வந்ததும் அட்ரஸ் வாங்கித் தருகிறேன், அதுவரைக்கும் உங்கள் பெண்ணின் படிப்பைப் பற்றிச் சொல்கிறேன் சார் என்று ஆரம்பித்திருக்கிறாள். இவள் பார்த்த பார்வையில் ஆபீஸ் பெண் திரையை மூடிவிட்டாள். பிறகு இந்த வருஷத்து இலக்குகளை ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறாள். ஸ்மார்ட் போர்டு எப்படி வேலை செய்கிறது. வீட்டுப்பாடத்தில் தர்ஷினி எங்கே நிற்கிறாள். ஆங்கிலத்தில் முன்னேற்றம், கணக்கில் எங்கே இடறுகிறாள். தெரிந்ததையெல்லாம் பேசினாள். தெரியாததையும் பேசினாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தாருண்ணே. நடுவுல கேள்விகூட கேட்டாரு. நல்ல கேள்விங்க. மூணாவது இன்னா மிஸ்ன்னாரு. எல்லாப் பெத்தவங்களையும் சேக்கறது சார்ன்னேன். அதுல ஜெயிச்சிட்டீங்கன்னாரு."

முதல்வர் வந்தார், அட்ரஸ் கொடுக்கப்பட்டது. தர்ஷினியின் அப்பா எழுந்து கைகூப்பினாராம்.

"வெள்ள அட்டைய தெனம் உங்க கையிலதான் மிஸ் பாக்கறேன். சரி, பாப்போம்னு இருந்தேன். நல்ல டீச்சர் நீங்க. மறக்க மாட்டேன்."

இதைச் சொல்லும்போது வளர்மதி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரம் எதுவும் இல்லை.

10

அவளுக்கு வேலை போகவில்லை. அட்டையைத் தவறாகப் பயன்படுத்தியதற்குக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பதில் பள்ளிக்கு அக்கறை அதிகம். சில வாரம் கழித்துத் தர்ஷினியின் பெயரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாத மீட்டிங்கில் முழுக்கப் பச்சையான வகுப்புகளில் ஒன்றாக வளர்மதியின் வகுப்பு வாசிக்கப்பட்டது. எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

போனில் பதிவு செய்து படிக்கவைப்பதை அவள் விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "புள்ளைங்க கொரல போன்ல வெச்சிக்கவே பிடிக்கலண்ணே" என்றாள்.

ரேவதியிடமிருந்து ஒரே ஒரு முறை தகவல் வந்தது. யாரோ ஒருவருடைய போனிலிருந்து, புள்ள ஸ்கூல்ல சேந்துட்டா என்று மட்டும். எந்த ஊர் என்று சொல்லவில்லை. புதுப் பள்ளியிலும் அப்பா எண் கேட்டிருப்பார்கள்.

நான் இங்கே திரும்பி வந்து மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலுமாக. அவள் முழுக்கக் கேட்டாள், அது அபூர்வம். கடைசியில் தன் உடைந்த தமிழில் கேட்டாள். "அந்த பொண்ணுகிட்ட யாரும் கேக்கலியா? அப்பாக்கு சொல்லலாமா வேணாமான்னு?"

யாரும் கேட்கவில்லை. நான்கூட அவள் அம்மாவைக் கேள் என்றுதான் சொன்னேன். அந்த நீலப் புள்ளியை மறுபடியும் போடச் சொல்லி நான் என் மகளைக் கேட்கவில்லை. ராத்திரி அவள் வர நேரமானால் ஜன்னல் பக்கம் நிற்கிறேன்.

இதை எழுதத் தொடங்கியது போன ஞாயிறு. புதன்கிழமை மத்தியானம், பள்ளியில் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம், இந்திய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. எனக்குத் தெரியாத எண்.

'வணக்கம் சார். நீங்க வளர்மதி மிஸ்ஸோட அண்ணன்தானே. அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சா?'

என் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று வெகு நேரம் யோசித்தேன். கிடைக்காமலிருக்கத்தான் ஒரு காரணமும் தோன்றவில்லை. வளர்மதியைக் கூப்பிட்டேன். அவளுக்கு வாரம் ஒரு முறை வருகிறதாம், வணக்கம் மிஸ் என்று மட்டும். நான் பயப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பதில் போடவில்லை. ஆனால் செய்தியைத் திறந்துவிட்டேன். அவர் போனில் அதன் கீழே இரண்டு நீல டிக் விழுந்திருக்கும். நான் படித்துவிட்டேன் என்பது அங்கே அவருக்குத் தெரிந்திருக்கும்.